ஓதிக் கொடுத்த தண்ணீரும் கேட்காமல் விட்ட கேள்விகளும்





வியாசர்பாடியில் நாம் பாடம் நடத்தும் மதரஸாவின் வாசலில் இஷாத் தொழுகைக்குப் பின் சிறு கூட்டம் ஒன்று நிற்பது வழக்கம். பிள்ளைகள் கிதாபுகளைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள். வாசலில் நிற்பவர்களில் ஒருவர் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும், இன்னொருவர் தோளில் தூங்காத குழந்தை இருக்கும். குழந்தை இரவெல்லாம் அழுகிறது, கடையில் வியாபாரம் படுத்துவிட்டது, மகள் சாப்பிட மறுக்கிறாள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. ஃபாத்திஹாவும் ஆயத்துல் குர்ஸியும் பாதுகாப்புக்குரிய இறுதி ஸூராக்களும் ஓதி ஊதிக் கொடுப்போம். நம் உஸ்தாதுமார்களிடமிருந்து வந்த வழக்கம் இது. இதில் நமக்கு வெட்கமில்லை. ஆனால் இந்த வழக்கத்தின் ஊடே நாம் செய்த ஒரு தவற்றைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். சம்பந்தப்பட்ட குடும்பத்தார் பெயரைக் குறிப்பிடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையுடன் அனுமதி தந்திருக்கிறார்கள்.

ஏறக்குறைய இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி அந்த வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், இவங்க அத்தா முன்ன மாதிரி இல்லீங்க. நடையே மாறிப்போச்சு. ஏதோ பட்டிருக்கு போல" என்றார். பக்கத்தில் பன்னிரண்டு வயது மகன் தரையைப் பார்த்து நின்றான். கணவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மணலி செல்லும் வழியில் உள்ள ஒரு கண்டெய்னர் யார்டில் டேலி கிளார்க் வேலை. லாரியில் வந்திறங்கும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் பார்த்துப் பதிய வேண்டும். நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் சேர்ந்தது ஒரு பெட்டியின் எண். முன்பெல்லாம் லாரி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முறை பார்த்து, பத்து நிமிடம் கழித்து அலுவலக அறையில் பிசகாமல் எழுதுவாராம். இப்போது எழுத்துகள் நினைவில் நிற்கின்றன, இலக்கங்கள் நழுவிவிடுகின்றன. இரண்டு முறை பெட்டி மாறி ஏற்றப்பட்டு, வேலை போகும் நிலை.

அது மட்டுமன்று. கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் சிறு சிறு அடியாக வைத்து நடக்கிறார், திரும்பும்போது தடுமாறுகிறார். சுப்ஹுக்கு எழும் வேளையில் தலைவலி, சில நாள் வாந்தி. கழிவறைக்குப் போவதற்குள் துணி நனைந்துவிடுகிறது. ஒரு ஜுமுஆவில் ஸுஜூதிலிருந்து எழும்போது பக்கவாட்டில் சாய்ந்து பக்கத்தில் இருந்தவர் மேல் விழுந்தார். பின் ஸஃப்பில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அதன்பின் அவர் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

தெருவில் கிளம்பிய பேச்சைச் சொல்ல நாவு கூசுகிறது. தள்ளாடி நடக்கும் நாற்பது வயது மனிதனைக் கண்டால் நம் ஊர் முதலில் எதை நினைக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். வாழ்நாளில் ஒரு துளி மதுவைத் தொடாத அந்த மனிதரைப் 'பாய் ராத்திரியில தண்ணி போடுறார்' என்றார்கள். இறைச்சிக் கடையில் அவர் மனைவியின் காதுபடவே ஒருவர் சொன்னாராம்.

நாம் என்ன செய்தோம்? நாற்பது நாள் தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். கண்ணேறாக இருக்கலாம் என்றோம். தொழுகையைப் பேணச் சொல்லுங்கள், மனம் தெளியும் என்று அறிவுரையும் சொன்னோம். தொழுகைக்கு வர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு நாம் தந்த அறிவுரை அது. மருத்துவரிடம் காட்டினீர்களா என்ற கேள்வியை நாற்பது நாளில் ஒரு நாள்கூட நாம் கேட்கவில்லை.

நாற்பது நாள் கழிந்து மனைவியின் சகோதரர் வந்தார். "மச்சானை ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போயி கொஞ்ச நாள் விட்டுட்டு வரலாமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் நம்மை உலுக்கியது. அதற்குரிய காரணத்தைப் பின்னர் கூறுவோம். இரண்டு நாள் பொறுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அந்த இரண்டு நாளுக்குள் அல்லாஹ் வேறொரு வழியைத் திறந்தான். பெட்டி எண்கள் மங்கலாகத் தெரிகின்றன என்று அவரே கண்ணாடி மாற்றப் போயிருக்கிறார். கண் மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி அப்புறம். கண் நரம்பு வீங்கியிருக்கு. இன்னிக்கே தலைக்கு ஸ்கேன் எடுங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். சி.டி. ஸ்கேன், பிறகு எம்.ஆர்.ஐ. மூளைக்குள் நீர் தேங்கி அறைகள் விரிந்திருந்தன. நீர் செல்லும் ஒரு குறுகிய பாதை, பிறவியிலேயே போதிய அளவு திறக்காமல் இருந்திருக்கிறது.

"பொறந்ததுலேந்து இருக்குன்னா, நாப்பத்தோரு வருஷம் எங்க இருந்துச்சு ஹஜ்ரத்?" என்று அந்தச் சகோதரி கேட்டார். அறிவுள்ள கேள்வி. அதற்கு விடை தேடித்தான் நாம் மருத்துவர்களிடமும் நூல்களிலும் அலைந்தோம்.

நம் ஒவ்வொருவரின் மூளைக்குள்ளும் நான்கு சிறு அறைகள் உண்டு. அவற்றில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரக்கிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளில் சுமார் அரை லிட்டர் சுரக்கும். ஆனால் எந்த நேரத்தில் அளந்தாலும் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருப்பது ஏறத்தாழ 150 மில்லி லிட்டர்தான். அதாவது நாள் ஒன்றுக்கு மூன்று நான்கு முறை பழைய நீர் இரத்தத்தில் கலந்து, புதிய நீர் அதன் இடத்தை நிரப்புகிறது. மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் இடையே ஒரு நுண்ணிய வாய்க்கால் இருக்கிறது. நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு, அகலம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர். மேலே மூன்று அறைகளில் சுரக்கும் நீர் முழுவதும் இந்த ஒரே வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். இந்த வாய்க்கால் குறுகியிருப்பதை அக்விடக்டல் ஸ்டெனோசிஸ் என்றும், அதனால் நீர் தேங்குவதை ஹைட்ரோசெபாலஸ் என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

வியாசர்பாடிக்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. நம் பகுதியின் ஊடே போகும் கேப்டன் காட்டன் கால்வாயை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழை நீர் நிற்பதையும் பார்த்திருக்கிறோம். கால்வாய் குறுகலாக இருந்தாலும் சாதாரண நாளில் நீர் ஊர்ந்து போய்க்கொண்டுதான் இருக்கும். எந்த வீட்டு வாசலிலும் ஈரம் தெரியாது. ஒரு நாள் போக்கு சற்றே குறைந்தால், அல்லது வரத்து சற்றே கூடினால், தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அந்தச் சகோதரரின் தலைக்குள்ளும் இவ்விதமே நடந்தது. குழந்தைப் பருவத்தில் அடைப்பு முழுமையாக இருந்தால் மண்டையோட்டின் எலும்புகள் இன்னும் சேராத காரணத்தால் தலை பெரிதாகும், தாய் உடனே கண்டுகொள்வாள். குறுக்கம் பாதியளவே இருந்தால் மூளை அதனுடன் ஒத்துப்போய்ப் பல்லாண்டுகள் ஓட்டிவிடும். பள்ளிக்கூடம், நிக்காஹ், வேலை, பிள்ளைகள் எல்லாம் நடக்கும். பின்னர் ஒரு கட்டத்தில், சிலருக்குத் தலையில் பட்ட சிறு அடியைத் தொடர்ந்தும், பலருக்கு வெளிப்படையான காரணம் எதுவுமின்றியும், அந்த ஒத்துப்போதல் முறிந்துவிடுகிறது.

மூளை எவ்வளவு தூரம் ஒத்துப்போகும் என்பதற்கு ஒரு சான்றை மருத்துவர்கள் அடிக்கடி சொல்வார்கள். 2007ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான செய்தி அது. பிரான்ஸ் நாட்டு அரசு ஊழியர் ஒருவர், வயது 44, மணமானவர், இரு பிள்ளைகளின் தந்தை, இடது காலில் லேசான பலவீனம் என்று மார்செய் நகர மருத்துவமனைக்கு வந்தார். குழந்தையாக இருந்தபோது அவருக்கு நீர்த்தேக்கத்துக்காகக் குழாய் வைத்திருந்தார்கள். ஸ்கேனில் பார்த்தபோது தலைக்குள் பெரும்பகுதி நீராகவே இருந்தது. மூளை ஓரங்களில் மெல்லிய ஏடுபோல் ஒதுங்கிக் கிடந்தது. அப்படியிருந்தும் அவர் அலுவலகம் போய்வந்து குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்வதைத் தவிர நமக்கு வேறு வார்த்தை வரவில்லை.

காலும் சிறுநீரும் ஏன் முதலில் பாதிக்கப்படுகின்றன என்று கேட்டோம். கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் கட்டளை கொண்டு செல்லும் நரம்பிழைகள் அந்த அறைகளின் சுவரை ஒட்டிச் செல்கின்றன, அறை விரியும்போது அவை இழுபடுகின்றன என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். தலைவலியைப் பற்றியும் ஒரு சொல். படுத்திருந்து எழும் அதிகாலையில் மிகுவது, குனியும்போதும் முக்கும்போதும் கூடுவது, வாந்தியுடன் வருவது ஆகியவை தலைக்குள் அழுத்தம் ஏறியிருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். சைனஸ் உள்ளவர்களுக்கும் குனிந்தால் தலை வலிக்கும், ஆகவே ஸுஜூதில் தலை கனத்தவர்கள் எல்லாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தலைவலியுடன் நடை மாற்றமோ, பார்வை மங்கலோ, மறதியோ சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இவ்விடத்தில் வீட்டிலுள்ள முதியவர்களையும் மறக்க வேண்டாம். 1965ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டு மருத்துவர் சாலமோன் ஹக்கீமும் அவருடைய சகாக்களும் வயதானவர்களிடம் காணும் இதே மூன்று அறிகுறிகளைச் சேர்த்து விளக்கினார்கள்: நடை தடுமாற்றம், மறதி, சிறுநீர் அடங்காமை. அவர்களுக்கு நீரின் அழுத்தம் அளந்தால் பெரிதும் உயர்ந்திருக்காது, ஆயினும் அறைகள் விரிந்திருக்கும். மறதி நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு முழுத் தீர்வு இல்லாத நிலையில், இது சிகிச்சையால் குறையக்கூடிய ஒன்று. "நன்னாவுக்கு வயசாயிருச்சு" என்று நாம் ஒதுக்கிவைத்த எத்தனை பேரில் இது இருந்திருக்குமோ, அல்லாஹ் அறிவான்.

இனி நம் தவற்றுக்கு வருவோம். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் இடம்பெற்றிருக்கிறது. ஒரு பயணத்தில் ஒருவரின் தலையில் கல் பட்டுக் காயமாகிறது. அவருக்குக் குளிப்பு கடமையாகிவிடுகிறது. தயம்மும் செய்யலாமா என்று உடன் வந்தவர்களிடம் கேட்கிறார். தண்ணீர் கிடைக்கும்போது உமக்கு அந்தச் சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். குளித்தார், மௌத்தாகிவிட்டார். செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியபோது, அந்தத் தோழர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தில் அண்ணலாரின் சொற்கள் அமைந்தன. இந்த ஹதீஸை நாம் தயம்மும் பாடத்தில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். காயத்தின் மேல் உளூச் செய்யும் சட்டத்தை விளக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அது தலையில் அடிபட்டவருக்கு மார்க்கம் தெரிந்தவர்கள் தவறான பதில் சொன்ன கதை என்பது, தலைக்குள் நீர் தேங்கிய ஒருவருக்கு நாற்பது நாள் தவறான பதில் சொன்ன பின்னரே நமக்கு உறைத்தது.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்ற கருத்திலும் நபிமொழி உண்டு. ஃபிக்ஹு நூல்களில் இதன்மேல் நீண்ட விவாதங்கள் இருக்கின்றன. தாயத்துக்குக் காசு வாங்கும் சிலருக்கு அந்த விவாதங்களைப் படிக்க நேரம் கிடைப்பதில்லை போலும்.

நம் முன்னோர்களின் போக்கு வேறாக இருந்தது. குர்துபாவின் அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி 1013ஆம் ஆண்டளவில் மறைந்தவர். 'அத்தஸ்ரீஃப்' என்ற முப்பது பகுதிகள் கொண்ட அவருடைய பெருநூலின் இறுதிப் பகுதி முழுவதும் அறுவைச் சிகிச்சை. குழந்தைகளின் தலையில் நீர் கோர்ப்பதைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். தாம் கண்ட குழந்தைகள் விரைவில் இறந்துவிட்டதால் கத்தி வைப்பதைத் தவிர்க்கவே விரும்பியதாக ஒளிக்காமல் சொல்கிறார். அக்காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர், தம் கை எட்டாத இடத்தைத் தம் நூலிலேயே பதிந்துவைத்தார். நாமோ நம் கை எங்கே எட்டும் என்று யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஏர்வாடியைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த நோயாளிகளை வைத்திருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் உயிரிழந்தார்கள். அப்போது நாம் மதரஸா மாணவர். அந்தப் படங்களைப் பத்திரிகையில் பார்த்த நாளை மறக்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் ஏர்வாடியிலேயே மனநல மருத்துவர்களும் தர்கா தரப்பாரும் இணைந்து, துஆவுக்கு வருபவர்களுக்கு மருந்தும் கிடைக்கச் செய்யும் 'தவா-துஆ' என்ற ஏற்பாடு வந்தது. குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவில் முன்பே நடைமுறைக்கு வந்த முறை அது.

மனநோயாளியையும் கட்டிவைக்க நமக்கு அனுமதியில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அதற்கும் மேலாக, நடத்தை மாறிய ஒருவருக்கு மனநோயா, ஜின்னா, மூளையில் நீரா, கட்டியா, தைராய்டா என்று வீட்டாராலோ ஹஜ்ரத்தாலோ முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த மைத்துனர் கேட்ட அன்று நாம் சரி என்று தலையசைத்திருந்தால், கண் பார்வையை இழந்த நிலையில் அவர் எங்கோ ஒரு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நம் தலையசைப்புக்கு இந்த மகல்லாவில் அத்தனை எடை இருக்கிறது என்பதுதான் நம்மை அச்சுறுத்துகிறது.

ஜின்கள் இருப்பதை நாம் மறுக்கவில்லை. அது ஈமானின் பகுதி. ஓதிப் பார்ப்பதையும் விடச் சொல்லவில்லை. வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாகப் புகாரியில் படிக்கிறோம். விழும்போது தம் உடை விலகிவிடுகிறது என்பதே அவருடைய பெருங்கவலையாக இருந்தது. அதற்காக துஆச் செய்தார்கள் அண்ணலார். அவரை யாரும் ஏசவில்லை, யாரும் விலக்கவில்லை. சுவனத்துப் பெண்மணி என்று தம் மாணவருக்கு இப்னு அப்பாஸ் அவரைச் சுட்டிக்காட்டினார்கள். நோயாளிக்கு நோயைவிட மானம் பெரிதாக இருக்கக்கூடும் என்பதை நபித்தோழர்களின் சமூகம் புரிந்துகொண்டது. நம் இறைச்சிக் கடைப் பேச்சை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சகோதரர் பள்ளிவாசலை விட்டு விலகியதற்குச் சிரிப்பு ஒரு காரணம் என்றால், துணி நனைவது அதைவிடப் பெரிய காரணம். "நஜீஸோட எப்படி ஹஜ்ரத் தொழுறது?" என்று அவர் பிறகு நம்மிடம் கேட்டார். எட்டு மாதம் அவர் தொழவில்லை. தொழ மனமின்றி விட்டவரல்லர், தொழுதால் பாவம் என்று அஞ்சி விட்டவர். ஆகவே சட்டத்தைத் தெளிவாக எழுதிவிடுகிறோம். சிறுநீர் அடக்க முடியாமல் தொடர்ந்து கசியும் நோயாளி மார்க்கத்தில் சலுகைக்குரியவர். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்களுக்குத் தொடர் உதிரப்போக்கின்போது சொல்லப்பட்ட சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு இமாம்கள் இதை விளக்குகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், தொழுகை நேரம் வந்தபின் இடத்தைக் கழுவி, துணியோ பேடோ வைத்துக் கட்டி, உளூச் செய்து தாமதமின்றித் தொழ வேண்டும். ஒவ்வொரு ஃபர்ளுக்கும் இவ்வாறு புதிதாகச் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில், ஒரு தொழுகை நேரத்துக்குச் செய்த உளூ, வேறு காரணத்தால் முறியாதவரை, அந்த நேரம் முடியும்வரை செல்லும். இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும். எப்போதாவது மட்டும் கசிபவருக்குச் சட்டம் மாறுபடும், அவர் தம் இமாமிடம் தனியே கேட்டுக்கொள்ளட்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்பது இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் உள்ளது. ஸுஜூதில் தலைவலி தாங்க முடியாதவர் நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழட்டும். நம் பள்ளிவாசல் நிர்வாகிகள் உளூச் செய்யும் இடத்தருகே ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துவதற்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

நோயை மறைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பிறவி நோய்னு வெளிய தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் என்னாகும்?" என்று அந்த வீட்டின் மூத்த மாமி அஞ்சினார். பிறவியில் வந்தது என்பதற்குப் பரம்பரையில் வருவது என்று பொருளில்லை. தாய்வழியாக ஆண் குழந்தைகளைப் பாதிக்கும் அரிய வகை ஒன்று உண்டு, அது பெரும்பாலும் பிறக்கும்போதே கடுமையாகத் தெரியக்கூடியது. சந்தேகம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டால் போதும். மகளின் வரனுக்காகத் தந்தையின் பார்வையைப் பணயம் வைக்க வேண்டாம்.

சிகிச்சை என்ன? மாத்திரையால் இந்த அடைப்பு திறக்காது. இரு வகை அறுவைச் சிகிச்சைகள் உள்ளன. ஒன்று, ஷண்ட் எனும் மெல்லிய குழாய். தலையிலிருந்து காதின் பின்புறமாக, தோலுக்கு அடியிலேயே கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் இறங்கும். மிகுதி நீர் அங்கே உடலால் உறிஞ்சிக்கொள்ளப்படும். மற்றொன்று, எண்டோஸ்கோப் கருவியை நுழைத்து மூன்றாம் அறையின் தரையில் ஒரு சிறு துளையிடுவது. அடைபட்ட வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு நீர் வேறு வழியில் போய்விடும். உடலுக்குள் குழாய் எதுவும் தங்காது. வாய்க்கால் குறுக்கத்துக்கு இம்முறை நன்கு பொருந்தும் என்கிறார்கள். எது யாருக்கு என்பதை மருத்துவரே முடிவு செய்வார். இரண்டிலும் பின்னாளில் அடைப்பு மீளலாம், குழாய் வைத்தவர்களுக்குக் கிருமித்தொற்று வரலாம். ஆகவே பழைய தலைவலியோ வாந்தியோ அளவுக்கு மீறிய உறக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றே போக வேண்டும்.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதற்காக வெகுதூரம் போகத் தேவையில்லை. பழைய சிறைச்சாலைச் சாலையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய இடம் அது. இரண்டிலும் அதற்கெனத் தனித் துறைகள் உண்டு. தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. அட்டை எடுத்து வைத்திருக்கிறோமா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள். நோய் வந்தபின் ரேஷன் அட்டையையும் வருமானச் சான்றையும் தேடி அலைந்த குடும்பம் இது. அந்த அலைச்சலில் போன நாள்களைச் சகோதரி இன்றும் விரல்விட்டு எண்ணிக் காட்டுவார்.

மருத்துவரிடம் போகும்போது நடப்பதை ஒரு நிமிடம் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போவது பயன்படும் என்று ஒரு மருத்துவர் நம்மிடம் சொன்னார். மருத்துவர் முன் நோயாளி முயன்று நன்றாக நடந்துவிடுவாராம். சிறுநீர் விஷயத்தை வெட்கத்தால் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், அதை மனைவியோ மகனோ சொல்ல வேண்டும். இப்போது நம் வாசலில் பாட்டிலுடன் நிற்பவர்களிடம் நாமும் முதலில் இவற்றைத்தான் கேட்கிறோம். தலைவலி எந்த நேரத்தில், நடை எப்படி, பார்வை எப்படி, டாக்டர் சீட்டு எங்கே. சிலருக்கு இது பிடிப்பதில்லை. "ஹஜ்ரத்துக்கு ஓத வரலை, டாக்டர் கிட்ட தள்ளிவிடுறார்" என்று ஒருவர் வேறு இடம் தேடிப் போய்விட்டார்.

அந்தச் சகோதரருக்கு எண்டோஸ்கோப் முறையில் அறுவை நடந்தது. சில வாரங்களில் நடை நேரானது, சிறுநீரும் அடங்கியது, அல்ஹம்துலில்லாஹ். பார்வை மேலும் மங்காமல் நின்றது. நினைவாற்றல் முழுதாகத் திரும்பவில்லை. யார்டு வேலை போனது போனதுதான். இப்போது பள்ளிவாசலின் சந்தா நோட்டை அவர் எழுதுகிறார். சில மாதம் ஒரே பெயரை இருமுறை எழுதிவிடுவார், நாம் பென்சிலால் அடித்துவிடுவோம். சிரித்த பையன்களில் இருவர் அவரிடம் வந்து பொறுத்துக்கொள்ளும்படி கேட்டார்கள். இறைச்சிக் கடையில் பேசியவர் இன்னும் வரவில்லை.

சகோதரி இப்போதும் மாதம் ஒருமுறை தண்ணீர் பாட்டிலுடன் வருகிறார். நாம் ஓதிக் கொடுக்கிறோம். மூடியை இறுக்கித் தரும்போது, அடுத்த செக்கப் எந்தத் தேதி என்று கேட்கிறோம். மகன்தான் பதில் சொல்வான். தேதியை அவன் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருப்பான்.